பத்துக்குப் பதினொன்று

ஹால் என்று வாடகைப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது.
பத்தடிக்குப் பதினோரு அடி.
கதவு திறக்க ஒரு கால்வட்டம் போய்விடும்.
சமையலறைக்குள் நுழையாத ஃபிரிட்ஜுக்கு ஒரு மூலை.
மிச்சத்தில்தான் எனக்குப்
பண்ணைவீடு வேண்டியிருந்தது.

சதானந்தம் சிரித்தார்.
எடைமேடையில் நாளெல்லாம் லாரிகளை நிறுத்துப் பார்ப்பவர்.
"ஜன்னலைத் திற, எதிரே பண்ணைதானே."
திறந்தேன்.
தக்காளித் தோட்டம், சொட்டுநீர்க் குழாய், நீல டிரம்,
சிமெண்ட் ஷீட் போட்ட வீடு;
அதற்குள் கண்ணாடி டீப்பாயும்
தங்கநிறத் திரைச்சீலையும்
இங்கிருந்தே மின்னின.
பண்ணையில் இருப்பவர்களுக்கு அது தேவைப்படவில்லை.
எனக்குத் தேவைப்பட்டது.

ஃபோனில் பார்த்ததெல்லாம்
பனி பெய்யும் ஊர்களின் வீடுகள்.
வெள்ளைப் பலகைச் சுவர், கணப்பு, கம்பளிப் போர்வை.
வேலந்தாவளம் ரோட்டில் கணப்புக்கு என்ன வேலை?
அந்த இடத்தில் இன்வெர்ட்டரை வைத்தேன்.
மண்டியில் உடைந்த தக்காளிப் பெட்டி
ஒன்று பதினைந்து ரூபாய்.
நான்கை வாங்கி உப்புத்தாளால் தேய்த்து
சுண்ணாம்பில் துளி நீலம் கலந்து பூசி
ஒன்றன்மேல் ஒன்று நிறுத்தினால் அலமாரி.
எத்தனை தேய்த்தும் போகாத
ஏதோ ஒரு பழத்தின் கறைமேல்
கோப்பையை வைத்துக்கொண்டேன்.

பிறகு பெஞ்சு.
எல்லைக்கு அந்தப்புறம் கள்ளுக்கடையில்
பிளாஸ்டிக் நாற்காலி வந்துவிட்டதென்று
வெளியே போட்டிருந்தார்கள்.
ஆறடிப் பலாப்பலகை, ஒட்டு இல்லை.
ஆயிரத்து இருநூறு சொன்ன சுகதன்
என்னை இரண்டுமுறை பார்த்துவிட்டுத்
தொள்ளாயிரத்துக்குத் தந்தார்.
"வீட்டிலேக்கா?" என்று மட்டும் கேட்டார்.
மாட்டுத்தீவன ஆட்டோவில் ஏறி வந்தது.
செக்போஸ்டில் யாரும் நிறுத்தவில்லை.

சோப்புத் தண்ணீர், எலுமிச்சை, மூன்று நாள் வெயில்.
ஆனாலும் மழை இருட்டும் மாலைகளில்
ஹால் லேசாகப் புளிக்கும்.
சதானந்தம் மூக்கை உறிஞ்சுவார்,
ஒன்றும் சொல்லமாட்டார்.

சுவர்தான் பாக்கி.
சுவரில் ஆணி கூடாது:
பத்திரத்தின் ஏழாவது வரி,
வீட்டுக்காரர் தன் கையாலேயே அடிக்கோடு போட்டது.
அதனால் சல்லடையும் லாந்தரும்
நான் சணலில் பின்னிய வளையமும்
சுவரோரம் தரையில் சாய்ந்து,
வேலைக்கு யாராவது கூப்பிடுவார்களா என்று
விடிகாலையில் முச்சந்தியில் குந்தியிருப்பவர்கள் மாதிரி.

ஐந்தாம் தேதி வாடகைக்கு வந்தார் ஆறுச்சாமி.
கஞ்சி போட்ட வேட்டி, சந்தனக் கீற்று,
கோயில் கமிட்டிக்குப் பொருளாளர்.
பெட்டிகளைப் பார்த்தார்.
"இன்னும் சாமான் பிரிக்கலீங்களா?"
நான் பதில் தேடுவதற்குள்
பெஞ்சின் நடுவை விட்டு, கதவோரத்தை விட்டு,
நேராகப் போய்
இடது ஓரத்தில் உட்கார்ந்தார்.
பலகை அங்கே கொஞ்சம் குழிந்திருப்பது
துடைத்துத் துடைத்து எனக்குத் தெரியும்.
அவருக்கு எப்படி?

வலது கை தானாகப் பலகைக்கு அடியில் போனது.
எதையோ தடவியது. நின்றது.
மோர் கொண்டுவந்தேன்.
டம்ளரை வாயில் வைக்குமுன்
ஒரு விரலை நனைத்து
வெளியே பார்த்து ஒரு சொட்டுத் தெறித்தார்.
தெறித்த பிறகுதான் என்னைப் பார்த்தார்.
நான் லாந்தரைப் பார்த்தேன்.

பணத்தை எண்ணவில்லை.
வாசலில் செருப்பை மாட்டியபடி
முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார்:
"சுவத்துல ரெண்டு மூணு ஆணி
வேணும்னா அடிச்சுக்குங்க அம்மிணி.
பெஞ்ச மட்டும் மழையில போட்டுராதீங்க.
நல்ல மரம்."

அவர் தெருமுனை திரும்பியதும்
மண்டியிட்டு, ஃபோன் வெளிச்சத்தில் பார்த்தேன்.
பலகைக்கு அடியில் சாவிமுனையால் கீறிய கோடுகள்,
ஐந்தைந்தாகக் கட்டியது.
யார் யாருக்குத் தரவேண்டிய கணக்கோ.
அதை மட்டும் உப்புத்தாளால் தொடவில்லை.

சல்லடைக்கு முதல் ஆணி அடித்தேன்.
சுவர் கொஞ்சம் உதிர்ந்து
பெஞ்சின் இடது ஓரத்தில் கொட்டியது.
ஊதினேன். குழியில் இருந்தது போகவில்லை.